பெயர் சூட்டலும் பதிவு பேணலும்: தென்னிந்திய இயற்கையியலாளர்களுக்கு நாம் செய்யும் மரியாதை

கறிவேப்பிலையின் அறிவியல் பெயருக்குள் ஒரு மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். லின்னேயஸிடம் படித்துவிட்டு 1768இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த யோஹான் கெர்ஹார்டு கோனிக் அவர். சோழமண்டலக் கரையில் செடி தேடித் திரிந்தார். ஆற்காட்டு நவாபிடம் இயற்கையியலாளராகச் சம்பளம் வாங்கினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறினார். 1785இல் காக்கிநாடா பக்கம் இறந்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1771இல், லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகை’ என்று பெயரிட்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் அதை ‘முர்ராயா’ என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பெயருக்குரிய முர்ரேயும் லின்னேயஸின் மாணவர்தான். ஆக, நம் ரசத்தில் மிதக்கிற இலை நெடுங்காலம் இரண்டு ஐரோப்பியர்களைச் சுமந்துகொண்டிருந்தது. இப்போது வகைப்பாட்டாளர்கள் பலர் மறுபடி பெர்கெராவுக்கே திரும்பிவிட்டார்கள். முர்ரே இறங்கிவிட்டார், கோனிக் மட்டும் இறங்கவில்லை.

தரங்கம்பாடியின் பல கதைகளில் இது ஒன்றுதான். கோனிக்கின் உற்சாகம் தொற்றிய மிஷனரிகள் பலர் அங்கே இருந்தார்கள். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்பவர் கடல் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் ப்ளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ப்ளாக் ஒரு மீன் பேரினத்துக்கு ‘ஜானியஸ்’ என்று பெயர் வைத்தார். இன்று மீன் ஏலக்கூடத்தில் கத்தாளை என்று கூவி விற்கிற மீன்களில் சில அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. 1801இல் பாட்ரிக் ரஸ்ஸல் நம் மண்ணுளிப் பாம்புக்கும் ஜானின் பெயரையே வைத்தார். ரஸ்ஸலின் பெயர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கண்ணாடி விரியனில் ஏறியிருந்தது. தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவராக நாம் அறிந்த ரோட்லரும் இந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் பெயரில் ‘ரோட்லெரா’ என்று ஒரு தாவரப் பேரினமே இருந்தது. சாயத்துக்குப் பயன்படும் கபிலப்பொடி மரத்தை அதில்தான் வைத்திருந்தார்கள்.

இந்தப் பெயர்களைப் பாராட்டு என்று நினைப்பதைவிட ரசீது என்று புரிந்துகொள்வது சரியாக இருக்கும். மாதிரிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போயின, அங்கிருந்து பெயர்கள் வந்தன. அனுப்பியவர் பெயர் ரசீதில் ஏறியது. வலை வீசியவர், செடி இருக்கும் ஓடையைக் காட்டியவர், பாம்பைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர் பெயர் ஏறவில்லை. தரங்கம்பாடி மீனவர் இல்லாமல் ஜானுக்கு ஒரு கத்தாளையும் கிடைத்திருக்காது.

ஒரு வட்டாரத்தின் உயிர்களைப் பார்த்து, சேர்த்து, எழுதி வைத்தவர்களை எப்படி மதிப்பது என்ற கேள்விக்கு இந்த 250 ஆண்டுகளில் பல விடைகள் வந்திருக்கின்றன. உயிரினத்துக்குப் பெயர் வைத்தோம். பத்ம விருது கொடுத்தோம். நிறுவனங்களுக்குப் பெயர் சூட்டினோம், நினைவுப் பரிசுகள் நிறுவினோம். இவற்றில் எது நிலைத்தது, எது கரைந்தது என்று பார்த்தால் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. இயற்கையியலாளருக்குச் செய்யும் பெரிய மரியாதை, அவருடைய பதிவைப் பின்னால் வருபவர் எடுத்துப் பயன்படுத்தும் நிலையில் வைத்திருப்பது. அதைத்தான் நாம் குறைவாகச் செய்கிறோம்.

பெயரிடலை முதலில் பார்ப்போம். அதுதான் மலிவானது, ஆகவே அதிகம் நடப்பது. தன் பெயரைத் தானே ஓர் உயிரினத்துக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லை, வைத்தால் சிரிப்பார்கள் என்பதால் யாரும் வைப்பதில்லை. மற்றபடி விவரிப்பவர் விருப்பம்தான். 1865இல் பிரான்சிஸ் டே முண்டக்கயம் மலைப்பகுதியிலிருந்து கிடைத்த ஓர் அழகான மீனுக்கு டெனிசன் பெயரை வைத்தார். சர் வில்லியம் டெனிசன் அப்போது சென்னை மாகாண ஆளுநர். மேலதிகாரிக்குச் செய்த மரியாதை அது, இயற்கை வரலாற்றில் அவருக்கு என்ன பங்கு என்று யாரும் கேட்கவில்லை. அந்த மீன் இன்று வண்ணமீன் கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்று விற்கிறது. ஆளுநரை யாரும் நினைப்பதில்லை.

நம் காலத்தில் ஆளுநர்களின் இடத்தில் கலைஞர்கள் வந்திருக்கிறார்கள். திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் கண்டெடுத்த ஒரு சிறிய பல்லிக்கு 2024இல் வான்காவின் பெயரை வைத்தார்கள். அதன் மஞ்சளும் நீலமும் அவருடைய நட்சத்திர இரவு ஓவியத்தை நினைவூட்டுகிறதாம். 1875 முதல் ஒரே ஓர் இனம் என்று கருதப்பட்ட திராவிடப் பல்லிப் பேரினத்தில் 2019இல் ஆறு புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று அறிபுனைகதை எழுதிய டக்ளஸ் ஆடம்ஸின் பெயரில் இருக்கிறது. இன்னொன்று தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரில். வேறொன்றுக்குத் தொல்பல்லி என்று தமிழிலேயே பெயர். எனக்கு இதில் கோபம் எதுவும் இல்லை. வான்கா பெயர் வைத்ததால்தான் அந்தப் பல்லி நாளிதழ்களில் வந்தது. ஆனால் திருவில்லிபுத்தூர்க் காட்டில் நாற்பது ஆண்டு நடந்த யாரோ ஒருவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடம் அது என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

பெயர் வைத்தாலும் அது நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. இதற்கு நல்ல சாட்சி கோவிந்து. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் சென்னை மாகாணத்தில் இருந்துகொண்டு 1838க்கும் 1853க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக ஒரு தாவரப் படநூலை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். வரைந்தவர்கள் முதலில் ருங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. இருவரும் தெலுங்கு ஓவியர்கள். உலர்ந்த செடியைப் பார்த்து உயிருள்ள செடியை வரைவதும், பூவைப் பிளந்து சூற்பையின் அறைகளை எண்ணிக் காட்டுவதும் சாதாரண வேலையில்லை. அந்த நூலில் செடியை அடையாளம் காண உதவுவது பெரும்பாலும் அவர்களுடைய கோடுதான். வைட் அவர்களுடைய பெயர்களைப் படத்தின் அடியில் அச்சிடச் செய்தார். அந்தக் காலத்தில் அதுவே அரிது. ஜெர்டன் 1840களில் சென்னையில் வெளியிட்ட பறவைப் படநூலுக்கும் இந்திய ஓவியர்கள்தான் வரைந்தார்கள், அவர்களுடைய பெயர்களை இன்று அறிந்தவர் குறைவு. வைட் இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு தரை ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று ஓவியரின் பெயரையே சூட்டினார்.

அந்தப் பேரினம் இன்று இல்லை. ஏற்கெனவே விவரிக்கப்பட்டிருந்த திரோபிடியாவுக்குள் அது அடங்கும் என்று பின்னால் வந்தவர்கள் தீர்மானித்தார்கள். கோவிந்துவின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. ரோட்லெராவுக்கும் இதே கதி, அது மல்லோட்டஸுக்குள் போய்விட்டது. அகத்தியமலையின் பாறைச் சரிவுகளில் வளரும் ஒரு மணமுள்ள கிழங்குச் செடியை 1978இல் விவரித்தபோது ஜானகி அம்மாளைச் சிறப்பித்து ‘ஜானகியா’ என்று தனிப் பேரினம் உண்டாக்கினார்கள். அதுவும் மாகாளிக்கிழங்கின் பேரினத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. பேரினப் பெயராகக் கொடுக்கும் மரியாதை பெரிதாகத் தெரியும், ஆனால் வகைப்பாடு மாறும்போது முதலில் விழுவது அதுதான். அறிவியல் பெயரின் இரண்டாம் சொல்லான பின்பெயராக ஒட்டிக்கொள்பவர்கள் கோனிக்கைப் போலத் தப்பிவிடுகிறார்கள். யாரையாவது மதிக்க நினைக்கும் வகைப்பாட்டாளர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

கோவிந்துவையும் ருங்கையாவையும் இன்று நாம் அறிவது அந்த ஆர்க்கிடால் இல்லை. எடின்பரோ அரசத் தாவரவியல் தோட்டத்தில் இருந்த மூல ஓவியங்களை ஹென்றி நால்டி என்ற ஆய்வாளர் எடுத்துப் பட்டியலிட்டு நூலாக்கினார், அதனால் அறிகிறோம். ஓவியங்களை யாரோ பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதனால்தான் நால்டியால் அதைச் செய்ய முடிந்தது.

பதிவு எப்படிப் பெயரைவிட அதிகம் உழைக்கும் என்பதற்கு மேகமலையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 1940களில் அங்கே தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் என்ற துரை கண்ணில் பட்ட பாம்பு, பாலூட்டி எல்லாவற்றையும் சேர்த்தார். 1949இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் ஹைவேவி மலை என்று ஆங்கிலத்தில் அழைக்கப்பட்ட மேகமலையின் பாம்புகளையும் பாலூட்டிகளையும் பற்றி எழுதினார். மலையில் என்னென்ன இருந்தது என்பதற்கு எழுத்தில் கிடைக்கும் அடித்தளம் அந்தக் குறிப்பு. அவர் அனுப்பிய இரண்டு இளம் பாம்புகளை வைத்து மால்கம் சிமித் அதே ஆண்டு ஒரு குழிவிரியனை விவரித்து ஹட்டன் பெயரைச் சூட்டினார்.

அதற்கு முந்தைய ஆண்டு ஹட்டன் ஒரு வௌவாலையும் பிடித்திருந்தார். ஊரெங்கும் காணப்படும் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் என்று சீட்டு எழுதப்பட்டுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தோங்லோங்யா அதைக் கையிலெடுத்துப் பல்லைப் பார்த்தபோது அது வேறு பேரினமே என்று தெரிந்தது. 1972இல் அதற்கு ‘லாட்டிடென்ஸ் சாலிம்அலியை’ என்று பெயர் வைத்தார். சாலிம் அலி பறவையியலாளர், வௌவாலுக்கும் அவருக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் அந்த மாதிரி பத்திரமாக இருந்த கழகத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர். நியாயமான மரியாதைதான். பிடித்த ஹட்டனுக்குப் பாம்பு கிடைத்திருந்தது. கண்டுபிடித்த தோங்லோங்யாவுக்கு 1974இல், அவர் இறந்த பிறகு, உலகின் மிகச் சிறிய வௌவால் கிடைத்தது. இந்தக் கணக்கு ஒருமாதிரி சரியாகிவிட்டதாகவே தோன்றும்.

ஆனால் மேகமலைக்கு நன்மை செய்தது பெயர்கள் மட்டும் இல்லை. ஒரே ஒரு மாதிரியால் அறியப்பட்ட அந்த வௌவாலைத் தேடி 1993இல் ஆய்வாளர்கள் மறுபடி அதே மலைக்கு வந்ததற்குக் காரணம், எந்த இடத்தில் பிடித்தது என்று ஹட்டன் எழுதி வைத்திருந்தது. வந்தார்கள், பிடித்தார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நெடுங்காலம் இருந்த வௌவால்கள் இரண்டே இரண்டுதான், அதில் இது ஒன்று. 2013இல் ஆனைகட்டி சாலிம் அலி மையத்தைச் சேர்ந்த சுப்பிரமணியம் பூபதி தன் மாணவருடன் சேர்ந்து மேகமலை ஊர்வன பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஹட்டன் நடந்த இடங்களில் அறுபது ஆண்டு கழித்து ஒருவர் மறுபடி நடந்து, எது இருக்கிறது, எது காணவில்லை என்று பார்க்க முடிந்தது. ஹட்டனுக்கு இதைவிடப் பெரிய விருதை யாரும் கொடுத்துவிட முடியாது.

பூபதி 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது இறந்தார். 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் கண்ட ஊதாத் தவளைக்கு அவர் பெயர். அடுத்த ஆண்டு ஆனைகட்டி மலையில் கண்ட கேடயவால் பாம்பு ஒன்றுக்கும் அவர் பெயர். மண்ணுக்குள் வாழும் உயிர்கள் இரண்டும். ஊர்வன ஆய்வாளருக்கு இது பொருத்தம்தான். அவருடைய தரவுத்தாள்கள் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் கையில் கிடைக்குமா என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

ஜெர்டன் பெயரில் உள்ள ஓடுபறவையின் கதை கொஞ்சம் வேறு. அந்தப் பறவையை 1848இல் விலங்கியலாளர் ப்ளைத் விவரித்தார், கண்டவர் ஜெர்டன். 1900க்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, அழிந்துவிட்டது என்றே எண்ணினார்கள். 1986 ஜனவரியில் கடப்பை மாவட்டத்து லங்காமலையில் அது மீண்டும் அகப்பட்டது. மறுகண்டுபிடிப்பு பம்பாய்க் கழகத்தின் பாரத் பூஷணின் பெயரில் பதிவாகியிருக்கிறது, அவர் பல மாதம் தேடினார், உரிமை உண்டு. ஆனால் இரவில் விளக்கோடு போய்ப் பறவையைக் கையால் பிடித்தவர் உள்ளூர்ப் பறவைபிடிப்பவர் ஐதன்னா. பறவையின் பெயரோ இன்றும் ஜெர்டன்தான். பின்னால் அதே காட்டில் ப. ஜெகநாதன் ஆய்வு செய்தபோது, பறவையைத் தேடி ஓடாமல், புதருக்கு நடுவே மென்மண் பட்டைகள் அமைத்துக் காலடித் தடத்தை வைத்து அதன் இருப்பை அறிந்தார். தடத்தைப் பார்த்து விலங்கை அறிவது பறவைபிடிப்பவர்களின் பழைய வித்தை, அங்கே அது அறிவியல் முறையாக ஆகியிருந்தது. 2013இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் ஒரு முட்டை வெளிப்பட்டது. கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவராக இருந்த ஒருவர் 1917இல் சேகரித்தது. மரபணுவைச் சோதித்து இந்தப் பறவையின் முட்டைதான் என்று உறுதி செய்தார்கள். 1900க்குப் பிறகு பறவையே இல்லை என்று நம்பிய காலத்தில், அதன் முட்டை சீட்டோடு ஒரு பெட்டியில் இருந்திருக்கிறது.

ஆட்பெயர்களையே எடுத்துவிட வேண்டும் என்று இப்போது உலகில் ஒரு வாதம் நடக்கிறது. அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023இல் தன் எல்லைக்குட்பட்ட பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் ஆட்பெயர்களை நீக்குவதாக அறிவித்தது. 2024இல் மாட்ரிடில் கூடிய தாவரவியல் மாநாடு ஆப்பிரிக்கர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லடியை இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களின் பெயரிலிருந்து மாற்ற வாக்களித்தது. விலங்குப் பெயர்களுக்கான ஆணையமோ அறக் காரணங்களுக்காக அறிவியல் பெயரை மாற்றப்போவதில்லை என்கிறது. இழிசொல்லை நீக்குவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கோனிக்கையும் ஜெர்டனையும் இறக்கிவிட்டால் கோவிந்துவும் ஐதன்னாவும் தானாக ஏறிவிட மாட்டார்கள். நமக்கு அவசரம் விடுபட்டவர்களைச் சேர்ப்பது.

சேர்க்க முடியும் என்பதற்கு அறிகுறிகள் உண்டு. 2017இல் கேரள மலைகளில் மரப்பொந்துகளில் வாழும் நண்டு ஒன்றை விவரித்தபோது, அதைக் காட்டிக்கொடுத்த காணிப் பழங்குடி மக்களின் பெயரையே பேரினமாக்கினார்கள். பின்பெயர் அவர்கள் அழைக்கும் பெயர்: ‘காணி மரஞண்டு’. பேரினப் பெயர் எவ்வளவு நாள் நிற்கும் என்பது வேறு விஷயம்.

அதே காணி மக்களுக்கு வேறொரு வகை மரியாதையும் கிடைத்திருக்கிறது. 1987இல் அகத்தியமலையில் தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் களைத்துப்போனபோது, உடன் வந்த காணிகள் களைக்காமல் ஒரு சிறு காயை மென்றுகொண்டு நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற செடி அது. திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டம் அதிலிருந்து மருந்து உருவாக்கிக் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசி நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. பத்து லட்ச ரூபாய் உரிமத் தொகையிலும் இரண்டு விழுக்காட்டு உரிமைத் தொகையிலும் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். ஏட்டில் நல்ல ஏற்பாடு. செயலில் சிக்கல்கள் வந்தன, வனத்துறை அந்தச் செடியைப் பயிரிட அனுமதிப்பதில் தகராறு செய்தது. பணம் பெரிதாகப் பெருகவில்லை. ஆனாலும் அறிந்தவருக்குக் கூலி உண்டு என்று ஒப்புக்கொண்ட முதல் உடன்படிக்கைகளில் ஒன்று அது.

பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களின் விஷயத்தில் மரியாதை விருதாக வந்தது. 1970களில் பாம்புத்தோல் வணிகம் தடைபட்டுப் பிழைப்பு போனபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் நஞ்சுமுறி மருந்து செய்வதற்கான நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சங்கம் இயங்கும் வடநெம்மேலியிலிருந்துதான் போகிறது. விட்டேக்கருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது காட்டுயிர்ப் பாதுகாப்பு என்று வகைப்படுத்தினார்கள். இருளர்களான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் கொடுத்தபோது இருவருக்கும் சேர்த்து ஒரே விருதாகக் கொடுத்து, சமூகப்பணி என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். 2017இல் ஃபுளோரிடாவின் சதுப்புக்காட்டில் அமெரிக்கர்கள் திணறிய இடத்தில் சில நாளில் பத்துக்கும் மேற்பட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அங்கே பல்கலைக்கழகம் அவர்களை வரவழைத்தது அவர்களுடைய இயற்கை அறிவுக்காக. இங்கே அதற்குச் சமூகப்பணி என்று பெயர். விருது கிடைத்ததில் மகிழ்ச்சி, வகையில் வருத்தம்.

அந்த அறிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் மௌனம்தான். கறையான் புற்றின் ஓரத்தில் ஒரு சிறு வழுக்கலை வைத்து உள்ளே இருப்பது எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லும் திறமை விட்டேக்கரின் ஆங்கில எழுத்துகளில் ஆங்காங்கே வருகிறது. இருளர் தங்கள் மொழியில் சொன்னதை அவர்கள் பெயரிலேயே முறையாகப் பதிவு செய்த பெரிய தொகுப்பு நம் கையில் இல்லை. மூத்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பத்மஸ்ரீ பதக்கத்தோடு ஓர் ஒலிப்பதிவுக் கருவியும் போயிருக்கலாம்.

எழுதியவர்களையாவது நன்றாகப் பேணினோமா? மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசி மகன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை, அதாவது 1996 பிப்ரவரி வரை, இயற்கைப் பத்தி எழுதினார். 46 ஆண்டு. தமிழிலும் எழுதினார், ஒரு நாவல்கூட எழுதினார். 1960இல் பத்மஸ்ரீ வாங்கினார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி 1970களில் அவர் பம்பாய்க் கழக இதழில் தொடராக எழுதிய கள ஆய்வு இன்றும் யானை ஆய்வாளர்கள் திரும்பிப் பார்க்கும் அடிப்படை. மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி அவர் பெயரில் இளைஞர்களுக்கு இயற்கை எழுத்துப் பரிசு வைத்திருக்கிறது. அது நல்ல காரியம், ஏனென்றால் அது அவருடைய வேலையைத் தொடரச் சொல்கிறது. அதைவிட நல்ல காரியம், சிதறிக் கிடந்த அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தது. தொகுப்பு இல்லையென்றால் தமிழ் வாசகனுக்குக் கிருஷ்ணன் வெறும் பெயராகவே இருந்திருப்பார். தொகுத்தவருக்கே கனடா இலக்கியத் தோட்டம் பின்னர் இயல் விருது கொடுத்தது. இயற்கை எழுத்தை இலக்கியம் என்று ஒப்புக்கொண்ட நேரங்களில் அது ஒன்று.

கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணிக்கு அந்த அளவுகூட நடக்கவில்லை. நீலகிரிப் பறவைகளை வரைந்தார், கூடு கட்டும் மாதங்களைக் குறித்தார். பறவையியலாளர் ஹியூம் தன் கூடு–முட்டை நூலில் அவருடைய குறிப்புகளை எடுத்தாண்டார். அவருடைய ஓவியங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நீலகிரியில் பறவை பார்க்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அந்த ஓவியங்களை அச்சில் எளிதாகப் பார்க்க வழியில்லை.

தாவரங்களுக்கு வந்தால் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினா உலர்தாவரகம் நினைவுக்கு வருகிறது. இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ 1967இல் அதைத் தொடங்கி, தமிழகத்தின் ‘கர்நாட்டிக்’ பகுதியின் தாவரங்களைப் பற்றி பல தொகுதிகள் எழுதினார், பழனி மலைத் தாவரங்களை மூன்று தொகுதிகளில் முடித்தார். 2004இல் மறைந்தார். அவருக்கு நினைவுச் சொற்பொழிவு வைப்பது எளிது. ஆயிரக்கணக்கான உலர்ந்த செடித் தாள்களைப் பூச்சி அரிக்காமல், ஈரம் படாமல், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டும்படி வைத்திருப்பது கடினம். அதற்குச் சம்பளம் வாங்கும் ஓர் ஆள் வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும், எடுத்த தாளைத் திரும்ப அதே இடத்தில் வைக்கத் தெரிந்தவர் வேண்டும். உலர்தாவரகக் காப்பாளர் வேலைக்கு இன்று விளம்பரம் எங்கே வருகிறது? மத்திய அரசு 1999இல் வகைப்பாட்டியலுக்கு ஜானகி அம்மாள் பெயரில் தேசிய விருது ஏற்படுத்தியது. விருது வாங்கும் தகுதியுள்ள வகைப்பாட்டாளர்களை உண்டாக்கும் கல்லூரித் துறைகளோ பல இடங்களில் உயிர்த்தொழில்நுட்பம் என்று பலகை மாற்றிக்கொண்டுவிட்டன.

நிறுவனங்களுக்குப் பெயர் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் ஆனைகட்டியில் தொடங்கிய சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் இப்போது இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் அங்கமாகிவிட்டது. பெயர் தொடர்கிறது. சாலிம் அலி தனக்குக் கிடைத்த கெட்டி பரிசுப் பணத்தை இயற்கைப் பாதுகாப்பு நிதியாகப் பம்பாய்க் கழகத்திடமே கொடுத்தார் என்பதை இங்கே சொல்லலாம். கௌரவம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று அவருக்குத் தெளிவு இருந்தது.

கடைசியாக, புதிதாக வந்திருக்கும் ஒரு பதிவு முறை. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பண்டிகை நாட்களில் ஏரிக்கரையிலோ மொட்டை மாடியிலோ குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை ஈபேர்டு என்ற இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள் பலர் சேர்கிறார்கள். ஒவ்வொரு பட்டியலோடும் இடம், நேரம், பார்த்தவர் பெயர் மூன்றும் சேர்ந்தே சேமிக்கப்படுகின்றன. கோனிக் காலத்து ரசீது முறையிலிருந்து இது பெரிய மாற்றம். பார்த்தவருக்கும் பதிவுக்கும் இடையில் பெர்லினில் ஓர் அறிஞர் தேவையில்லை.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கைப்பேசியும் கணக்கும் உள்ளவர் பெயரில்தான் பதிவு ஏறும். காட்டுக்குள் ஆய்வாளரோடு போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்தான் பல நேரம் பறவையின் குரலை முதலில் கேட்கிறார், கூட்டைக் காட்டுகிறார். பட்டியல் ஆய்வாளர் பெயரில் ஏறுகிறது. குறிப்பு எழுதும் இடம் ஒவ்வொரு பட்டியலிலும், ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியாக இருக்கிறது. முதலில் கண்டவர் இன்னார், வழிகாட்டியவர் இன்னார் என்று அவர் சம்மதத்தோடு அங்கே ஒரு வரி எழுதுவதற்கு எந்த விதியும் தடையில்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களும் நன்றியுரையின் கடைசியில் ‘வனத்துறைப் பணியாளர்களுக்கு’ என்று மொத்தமாக முடிக்காமல் பெயர்களை எழுதலாம். மாதிரி எடுத்த இடத்தின் பெயரையும் அங்கே அழைத்துப் போனவரின் பெயரையும் ஒரே சீட்டில் எழுதும் பழக்கம் நம் அருங்காட்சியகங்களில் வந்தால், அடுத்த முறை யாராவது ஒரு பெட்டியைத் திறக்கும்போது தேட வேண்டிய பெயர்கள் குறையும்.